அணைந்த விளக்கின் சாட்சி

காரில் சாவியைத் திருப்பியதும் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் படம் எரிகிறது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவன் முன்னால் ஓர் உருண்டை. ஐந்தாறு வினாடி எரிந்துவிட்டு அது தானாக அணைந்துவிடும். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. ஆனால் அது அணைந்த அந்தக் கணத்திலேயே, மோதல் ஒன்று நேர்ந்தால் ஏர்பேக் விரியும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். எதை வைத்து? பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம், ஹாரனை அடித்துப் பார்க்கலாம், வைப்பரை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஏர்பேக்கைப் போட்டுப் பார்க்க வழியே இல்லை. ஒருமுறை விரிந்தால் அந்தப் பை முடிந்தது. கூடவே பெல்ட்டை இறுக்கும் கருவி, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பலதையும் மாற்றவேண்டி வரும். தீக்குச்சி நல்லதா என்று உரசிப் பார்த்து, நல்லதுதான் என்று பெட்டிக்குள் திருப்பி வைத்தவன் கதையாகிவிடும். ஆக, சோதித்தால் அழிந்துபோகும் ஒன்றைப் பற்றிய நம் அறிவு எப்படிப்பட்டது? ஊகமா, நம்பிக்கையா, அறிவுதானா? இந்தக் கேள்வி பட்டறையில் எழுவது என்றாலும், இதற்கான விடையை நம் தத்துவ நூல்கள் கார் என்ற ஒன்று வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேடத் தொடங்கிவிட்டன.

தாகம் எடுத்தவன் தூரத்தில் தண்ணீரைப் பார்க்கிறான். அது கானலாகவும் இருக்கலாம். நடந்துபோய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால், முதலில் கண்டது மெய்க்காட்சி என்று தெரிகிறது. ஓர் அறிவு மெய்யா என்பதை அந்த அறிவுக்கு வெளியே, செயலின் பலனில்தான் கண்டுகொள்ள முடியும் என்பது நியாய மரபின் கட்சி. ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரிலர் இதை ஒப்பவில்லை. அறிவு தோன்றும்போதே மெய் என்றுதான் தோன்றுகிறது. பின்னால் அதை மறுக்கும் இன்னோர் அறிவு வந்தால் மட்டுமே அதைக் கைவிடுகிறோம் என்றார். ஏர்பேக்குக்கு முன்னால் நியாயத்தாரின் வழி அடைபட்டுப் போகிறது. அங்கே தண்ணீரைக் குடித்துப் பார்க்கும் வேளை ஒரே ஒரு முறைதான் வரும். குடித்துப் பார்த்துக் கானல் என்று தெரிந்தால், தெரிந்துகொண்டவர் உயிரோடு இருக்கமாட்டார். மிஞ்சுவது குமாரிலர் வழி. அதன்படி டேஷ்போர்டில் எரியும் விளக்குதான் மறுக்கும் அறிவு. அது எரியாதவரை பை வேலை செய்யும் என்று கொள்ளலாம். கேட்க எளிதாக இருக்கிறது, கொஞ்சம் அளவுக்கு மீறியே எளிதாக. மறுப்பு வரவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: மறுக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அல்லது மறுக்க வேண்டியவன் வாயடைத்துக் கிடக்கலாம்.

இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு உதவும் ஓர் அளவையை, அதாவது அறியும் வழியை, தமிழ் நூல்களும் அறிந்திருக்கின்றன. மணிமேகலையில் சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்கும் காதையில் அளவைகளின் பட்டியல் வருகிறது. அதில் ஒன்று அபாவம்: ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என்று அறிவது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் இதையும் எண்ணிவிட்டு, எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று சுருக்கினார். தனி அளவையா, அடங்கும் அளவையா என்ற சண்டை இங்கே நமக்கு முக்கியமில்லை. எல்லாத் தரப்பும் ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்ட ஒரு நிபந்தனைதான் முக்கியம். தரையில் குடம் இல்லை என்று எப்போது சொல்லலாம்? வெளிச்சம் இருக்கவேண்டும், கண் நன்றாக இருக்கவேண்டும், குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருக்கவேண்டும். கும்மிருட்டில் நின்றுகொண்டு குடம் தெரியவில்லை, எனவே குடம் இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி இதை இன்னும் கறாராகச் சொன்னார். காணத்தக்க ஒன்று காணப்படாதபோதுதான் அது இல்லை என்று தெளியலாம். காணத்தகாத ஒன்றைக் காணவில்லை என்றால் அதிலிருந்து கிடைப்பது ஐயம் மட்டுமே. அவர் மரபில் அதற்குக் கொடுக்கும் எடுத்துக்காட்டு பிசாசு. இந்த அறையில் பிசாசு தெரியவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று ஆகிவிடாது, ஏனென்றால் இருந்தாலும் அது தெரியப்போவதில்லை.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஏன் வீணாக ஐந்தாறு வினாடி எரிகிறது என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. பழுது இருந்தால் என்னால் எரிய முடியும், பார்த்துக்கொள் என்று அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. தரையைப் பார்ப்பதற்கு முன்னால் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்குச் சமம் இது. முன்பு எரிந்து காட்டிய விளக்கு பின்னால் அணைந்திருப்பது ஒரு சாட்சி. முதலிலிருந்தே எரியாத விளக்கு அணைந்திருப்பதில் எந்தச் சாட்சியும் இல்லை. அது இருட்டறைக் குடம். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 208, மோதலில் விரியும் பாதுகாப்புக் கருவி எதுவானாலும் அது தயாராக இருக்கிறதா என்று கண்காணித்து ஓட்டுநருக்குக் காட்டும் அறிகுறி ஒன்று வேண்டும் என்கிறது. விதி எழுதியவர்கள் தர்மகீர்த்தியைப் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் பையைப் பொருத்தினால் மட்டும் போதாது, பையைப் பற்றிய அறிவுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. என் வாதமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. பேச வல்லது என்று காட்டிக்கொண்டதன் மௌனம் மட்டுமே சாட்சியாகும். அந்தச் சாட்சியும் அது பார்க்க வல்ல எல்லைவரைதான் செல்லும். ஏர்பேக் விளக்கைப் பழுதுபார்ப்பது என்றால் அந்த வல்லமையைத் திருப்பிக் கொடுப்பது. விளக்கை அணைப்பது அதன் பின்விளைவுதான்.

பட்டறையில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். பைக்குள் இருக்கும் தீமூட்டி மெல்லிய கம்பி கொண்ட ஒரு சிறு முனை. அதன் மின்தடை சுமார் 2 ஓம். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கம்பி வழியே மிகக் குறைந்த மின்னோட்டத்தை அனுப்பி, தடை சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பை விரிய வேண்டுமானால் ஓர் ஆம்பியருக்கு மேல் பாயவேண்டும், அதுவும் ஓரிரு மில்லிவினாடிக்கு. கேட்கும் மின்னோட்டம் அதன் அருகில்கூட வராது. தடை கூடினாலோ குறைந்தாலோ பழுதுக் குறியீட்டைப் பதிந்துகொண்டு பெட்டி விளக்கை எரியவிடுகிறது. ஸ்கேனரை மாட்டினால் குறியீடு தெரியும். ஆனால் குறியீடு காட்டுவது வழியைத்தான், வீட்டை அல்ல. ஓட்டுநர் பக்கத்துச் சுற்றில் தடை அதிகம் என்று வந்தால், பையா, வயரா, கப்ளரா, ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கா என்று அது சொல்லாது. அதற்குக் கருதல் வேண்டும். ஸ்டியரிங் இருபுறமும் சுற்றும்போது அறுந்துவிடாதபடி நாடா வயரைச் சுருட்டி வைத்திருப்பதுதான் கிளாக் ஸ்பிரிங். ஹாரன் சுவிட்சுக்கும் ஸ்டியரிங்கில் இருக்கும் பாட்டுப் பொத்தான்களுக்கும் அதே நாடாதான் வழி. விளக்கும் எரிகிறது, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் அனுபவமுள்ள மெக்கானிக் வேறெங்கும் தேடமாட்டார். மலையில் புகை, அதனால் நெருப்பு என்ற பழைய எடுத்துக்காட்டுக்குச் சற்றும் குறையாத அனுமானம் இது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளிய பிறகு விளக்கு வந்ததா? சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் தளர்ந்திருக்கும். ஏர்பேக் வயர்களுக்கும் கப்ளர்களுக்கும் மஞ்சள் நிறம் கொடுப்பதே, தெரியாமல் யாரும் கை வைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

கை வைக்குமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்கவேண்டும். பேட்டரி துண்டாகிப்போன விபத்திலும் பை விரியவேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது, அது வடியவேண்டும். கப்ளரைக் கழற்றினால் அதனுள்ளே ஒரு சிறு உலோகத் தகடு தானாக நகர்ந்து இரண்டு முனைகளையும் இணைத்துவிடும், கையில் இருக்கும் நிலைமின்சாரம் பையை வெடிக்கச் செய்துவிடாதபடி. பையின் தடையை மல்டிமீட்டரால் அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே தீ மூட்டிவிடலாம். நேராகப் பார்க்கவும் முடியாது, தொட்டு அளக்கவும் முடியாது. அப்படியானால் பழுது பையிலா வயரிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுவார்கள். குறியீடு போய்விட்டால் வயர் நல்லது, பழுது பையில். போகவில்லை என்றால் பழுது வயர் பக்கம் இருக்கிறது. நியாய மரபில் தர்க்கம் என்று சொல்வது இதைத்தான்: ஒன்றை அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன வரும் என்று பார்ப்பது. ரெசிஸ்டர் என்பது செம்பிலும் கரியிலும் செய்த ஒரு 'வைத்துக்கொள்வோம்'. சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிடவேண்டும்.

எடுக்காமல் விட்டால்? விபத்தில் விரிந்த பைக்குப் புதுப்பை வாங்க ஆகும் செலவை மிச்சப்படுத்த, ரெசிஸ்டரை அங்கேயே விட்டு மூடியை ஒட்டிவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பெட்டி கேட்கிறது, 2 ஓம் என்று பதில் வருகிறது, விளக்கு அணைகிறது. மூடிக்குப் பின்னால் வெறும் குழி. அதே ரெசிஸ்டர், அதே இடம். விசாரணையின்போது உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்த பொருள், விசாரணை முடிந்தபின் அங்கேயே இருப்பதால் பொய்யாகிவிட்டது. ஓர் ஊகத்தை ஊகமாக வைத்திருப்பது அறிவு, அதை உண்மையின் நாற்காலியில் உட்காரவைப்பது மோசடி என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்றை எந்தத் தர்க்க நூலிலும் நான் கண்டதில்லை. இதிலும் ஒரு படி மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள். பல்பைப் பிடுங்கிவிட்டால் சாவி போட்டதும் எரியாது, வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஏர்பேக் பல்பை ஆயில் பிரஷர் விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவார்கள். சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும். இங்கே சாட்சி ஊமையாக்கப்படவில்லை. அதற்குப் பேச்சுத் திறன் இருப்பதாக நடிக்கவே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வெறும் பொய்யை மறுக்க ஓர் உண்மை போதும். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் வழியையே கெடுக்கும் பொய்யை எதைக் கொண்டு மறுப்பது? இரண்டாவதே பெரிய குற்றம் என்பது என் கணிப்பு.

இதற்கு எளிதாக ஒரு மறுப்பு வரும். பெரும்பாலான கார்களில் ஏர்பேக் ஒருமுறைகூட விரிவதில்லை. பை இல்லாமல் விளக்கை அணைத்துக்கொண்டு இருபது ஆண்டு ஓட்டியவனுக்கும், பை உள்ளவனுக்கும் நடந்தது ஒன்றுதான்: ஒன்றும் நடக்கவில்லை. பலனில் வேறுபாடு இல்லாதபோது பொய் எங்கே, தீங்கு எங்கே? பலனை வைத்து அறிவை அளக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான கேள்விதான். ஆனால் ஏமாற்றப்பட்டவனிடமிருந்து பறிபோனது எது என்று பார்க்கவேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் காரை ஓட்டுகிறவனுக்குத் தன் நிலை தெரியும். அவன் மெதுவாகப் போகலாம், குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைக்கலாம், பணம் சேர்த்துச் சரிசெய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். கையில் காசில்லாதவரிடம் உடனே பை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எரியும் விளக்கோடு ஓட்டுவது ஆபத்தானது, ஆனால் நேர்மையானது. விளக்கு பொய்யாக அணைக்கப்பட்ட காரில் இருப்பவனுக்கு இந்தத் தேர்வுகளில் ஒன்றுகூட இல்லை. விபத்து நடக்காவிட்டாலும் அவை இல்லை. தீங்கு மோதலன்று தொடங்குவதில்லை, விற்பனையன்றே தொடங்கிவிடுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு டக்காட்டா விவகாரத்திலிருந்து வருகிறது. ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் தன் பைகளை ஊதவைக்கும் குப்பிகளில் அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்கும் சூழலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த வெடிபொருள் சிதைந்து, தீ மூட்டும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. குப்பி பிளந்து உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இப்படி இறந்தார்கள். அங்கே சுமார் 6.7 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற உத்தரவானது. இந்தியாவிலும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் நிறுவனம் திவாலானது. இவ்வளவு காலமும் அந்தக் கார்களின் விளக்குகள் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தன. தீமூட்டிக் கம்பியின் தடை 2 ஓம், வயர் சரி, கப்ளர் சரி. எந்த ரெசிஸ்டர் மோசடியும் இல்லை. உண்மை பேசும் சாட்சி, தன் காலடியில் கொலைகாரனை வைத்துக்கொண்டு, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று உண்மையே சொன்னது.

இது என் வாதத்தை உடைப்பதாகத் தோன்றலாம். எனக்கு இது அதன் இரண்டாம் பாதியாகத்தான் படுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கண்ணுக்குத் தெரிவது மின்தடை. வெடிபொருளில் ஏறிய ஈரம் அதற்குக் காணத்தக்க பொருளே இல்லை. தர்மகீர்த்தி மரபு சொல்லும் பிசாசு அது. விளக்கு அணைந்திருப்பதால் மின்சுற்றில் பழுதில்லை என்று தெளியலாம், வெடிபொருளில் பழுதில்லை என்று தெளிய முடியாது. நாம் செய்த தவறு, தடையைப் பற்றிய சாட்சியை உயிரைப் பற்றிய சாட்சியாக நீட்டிக்கொண்டது. வெடிபொருளைப் பற்றி அறியக் காண்டலும் உதவவில்லை, கருதலும் உதவவில்லை. ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்தவர்கள் சொன்னதைத்தான் கேட்கவேண்டியிருந்தது. அதாவது உரை. அருணந்தி சிவாசாரியார் கடைசியில் நிறுத்திய மூன்றில் ஒன்றைக்கூட நம்மால் தள்ளிவிட முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

காணத்தக்கது காணப்படாதபோதுதான் இல்லை எனலாம் என்ற இந்த நிபந்தனையைச் சமயத்துக்கும் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. நம்மூர்க் கார்களின் டேஷ்போர்டில் அந்த விளக்குக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிள்ளையார் இருப்பார், அல்லது ஒரு சிலுவை, ஒரு வசனம் எழுதிய தகடு. (பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின்மேல் ஒட்டாமல் இருப்பது நல்லது, பை விரியும்போது அதன்மேல் இருப்பது எதுவானாலும் முகத்துக்குத்தான் பாயும்.) இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாற்றுகிறது என்கிறார் ஒருவர். எத்தனையோ பேர் கூப்பிட்டும் பதில் வரவில்லை, எனவே சாமி இல்லை என்கிறார் இன்னொருவர். இருவரும் மௌனத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கடவுள் இருந்தால் இப்படித்தான் தெரியவேண்டும் என்று இருதரப்பும் ஒப்பிய ஓர் அடையாளம் முன்கூட்டி இல்லாதவரை, இரண்டு முடிவுக்கும் அளவை கிடையாது. சைவ சித்தாந்தமோ இறைவனை ஐம்புலனுக்கு எட்டாதவன் என்று தானே சொல்லிவிடுகிறது. அப்படியானால் எட்டவில்லை என்பதிலிருந்து ஒன்றும் பெறமுடியாது, நம்புகிறவருக்கும் சரி, மறுக்கிறவருக்கும் சரி. பக்திக்கு வேறு ஆதாரங்கள் இருக்கலாம், மறுப்புக்கும் இருக்கலாம். விபத்து நேராத ஆண்டுகளின் எண்ணிக்கை அவற்றில் ஒன்றாகாது.

கடைசியாக ஒரு பழைய மறுப்பு இருக்கிறது. நியாயத்தாரும் மீமாம்சகரும் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்ட ஆயுதம். பையை விளக்கு கண்காணிக்கிறது, விளக்கைச் சாவி போடும் கணத்து ஒளி சரிபார்க்கிறது, அந்த ஒளியையே ஆயில் விளக்கு வயரால் போலி செய்யலாம் என்றால், அந்த ஒளியை எது சரிபார்ப்பது? சாட்சிக்குச் சாட்சி, அதற்கொரு சாட்சி என்று போனால் முடிவே இல்லை. எங்கோ ஓரிடத்தில் கண்ணை மூடி நம்பித்தான் ஆகவேண்டும், அப்படியானால் முதலிலேயே நம்பிவிட்டால் என்ன என்று கேட்கலாம். குமாரிலர் தரும் விடை எனக்கு நடைமுறைக்கு ஒத்ததாகத் தெரிகிறது: ஐயத்துக்குக் காரணம் இருக்கும்வரை சோதி, காரணம் தீர்ந்த இடத்தில் நில். காரணமில்லாத ஐயத்துக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. கை மாறி வந்த காரில் ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தீர்க்கும் சோதனையும் இருக்கிறது, காசு செலவில்லாதது. சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கவேண்டும். ஆயில் விளக்குக்கு எஞ்சின் ஓடினால்தான் அணையத் தெரியும், அதனால் அது எரிந்துகொண்டே இருக்கும். ஏர்பேக் விளக்கு எஞ்சினுக்காகக் காத்திருக்காது, தன் ஐந்தாறு வினாடி முடிந்ததும் தானாக அணைந்துவிடும். பத்து வினாடி, இருபது வினாடி ஆகியும் இரண்டும் சேர்ந்தே எரிந்து, எஞ்சினை ஓட்டிய கணத்தில் இரண்டும் சேர்ந்தே அணைந்தால், காரை விற்பவரிடம் ஸ்டியரிங் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம்.